பக்கத்து மனையில் கட்டட வேலை: 15,000 ரூபாயை எங்கே போட்டால் தூசி குறையும்?

புதுச்சேரி நகருக்குள் காலி மனை கிடைப்பது அரிது. அதனால் லாஸ்பேட்டை, ரெயின்போ நகர், முத்தியால்பேட்டை, ரெட்டியார்பாளையம் என்று எங்கே பார்த்தாலும் ஒரே கதைதான். 30க்கு 40 மனையில் நின்ற பழைய வீட்டை இடித்துவிட்டு, கீழே வண்டி நிறுத்த இடம் விட்டு, மேலே மூன்று தளம் ஏற்றுகிறார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கிற சந்து. வேலை லேசில் முடிவதில்லை, ஒரு வருடமாவது இழுக்கும். அத்தனை நாளும் பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் சிமென்ட்டையும் சேர்த்துத்தான் சுவாசிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து மனையில் இடிக்க ஆரம்பித்தபோது, வீட்டில் மூச்சிரைப்பு உள்ள மாமியார் இருப்பதால், இதற்கென்று 15,000 ரூபாய் ஒதுக்கினோம். யோசனை சொல்ல ஆளா இல்லை? ஏர் ப்யூரிஃபையர் வாங்கு என்றார் ஒருவர். பச்சை வலை கட்டச் சொல் என்றார் இன்னொருவர். நகராட்சியில் எழுதிக் கொடு, கொஞ்ச நாள் ஊருக்குப் போய்விடு, ஜன்னலைச் சாத்தி வை, எல்லாம் வந்தது. ஒவ்வொன்றாக அலசியதில் எனக்குக் கிடைத்த விடை கொஞ்சம் கோணலாகத் தோன்றலாம். முதல் ரூபாயை நம் வீட்டில் போடக் கூடாது. அவர்கள் வேலையிடத்தில் போட வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

எந்தத் தூசிக்கு எதைச் செய்வது

டீப்பாய் மேல் விரலால் கோலம் போடலாம் என்கிற அளவுக்குப் படியும் தூசி எரிச்சலூட்டும். ஆனால் அதில் பெரும்பகுதி மூக்கோடும் தொண்டையோடும் நின்றுவிடும். 10 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சின்னதுதான் மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது; 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை போகிறது. தலைமுடி ஒன்றின் தடிமனே 50, 70 மைக்ரான் இருக்கும் என்பதால், இவை தனியாகக் கண்ணில் படாது. காற்றசைவு இல்லாத அறையில் 10 மைக்ரான் துகள் சில நிமிடத்தில் தரைக்கு வந்துவிடும். 1 மைக்ரான் துகள் மணிக்கணக்கில் மிதக்கும். வழிகளை ஒப்பிடும்போது இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பெரிய தூசியை நிறுத்துகிற வழிகள் பல சின்னதைத் தொடுவதே இல்லை.

முன்பெல்லாம் வீடு கட்டவில்லையா, இவ்வளவு தூசி பறந்ததா என்று பெரியவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அப்போது ஆற்று மணல். இப்போது கருங்கல்லை உடைத்து அரைத்த எம்-சாண்ட். 2016ஆம் ஆண்டின் ஐஎஸ் 383 தரக் குறிப்பின்படி, உடைக்காத இயற்கை மணலில் 75 மைக்ரானுக்குக் குறைந்த பொடி 3 சதவீதம் வரைதான் இருக்கலாம். உடைத்த கல் மணலில் 15 சதவீதம் வரை இருக்கலாம். அதாவது தரமான எம்-சாண்டிலேயே அவ்வளவு மாவுப்பொடிக்கு அனுமதி உண்டு. குவாரியில் இருந்து ஈரமாக வரும் லோடு, வெயிலில் காய்ந்ததும் அந்தப் பொடி விடுதலை ஆகிறது. போதாக்குறைக்கு உளியும் சுத்தியலும் இருந்த இடத்தில் இப்போது கிரைண்டர். டைல்ஸ், கிரானைட், செங்கல், காய்ந்த பூச்சு எல்லாவற்றையும் அதுவே அறுக்கிறது. கல்லை அறுக்கும்போது கிளம்பும் மென்பொடியில் படிக சிலிக்கா இருக்கும். அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

இன்னொன்று. செல்போனில் ஊரின் காற்றுத் தரத்தைப் பார்த்துவிட்டு ‘பச்சையாகத்தானே காட்டுகிறது’ என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். புதுச்சேரியில் ஜவஹர் நகரில் தொடர் கண்காணிப்பு நிலையம் உண்டு. அது ஊர்க் காற்றைச் சொல்லும், உங்கள் வீட்டுச் சந்தின் காற்றைச் சொல்லாது. நம் நாட்டு அளவுகோலும் 24 மணி நேரச் சராசரிதான்: 10 மைக்ரான் துகளுக்கு ஒரு கன மீட்டரில் 100 மைக்ரோகிராம், 2.5 மைக்ரானுக்கு 60. உலக சுகாதார அமைப்பு 2021இல் இதையே 45, 15 என்று வைத்தது. இரண்டு மணி நேரம் கிரைண்டர் ஓடிய புகைமூட்டம் நாள் சராசரியில் கரைந்து போய்விடும், மூச்சிரைப்புக்காரருக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் பிரச்சினை என்றாலும். சரி, நாமே ஒரு சின்ன மீட்டர் வாங்கி அளக்கலாமா? மலிவான லேசர் மீட்டர்கள் 2.5 மைக்ரானை ஓரளவு பிடிக்கும், பெரிய துகளில் தடுமாறும். கடலோர ஈரக் காற்றில் விடியற்காலையில் இல்லாத மாசையும் காட்டும். அந்தக் காசை மிச்சம் பிடித்தேன்.

ஏர் ப்யூரிஃபையர்: ஒரு அறைக்கு மட்டும்

கடைக்காரர் முதலில் காட்டுவது இதைத்தான். ஹெப்பா ஃபில்டர் நுண்துகளை நன்றாகவே பிடிக்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கணக்கு வேறு இடத்தில் இடிக்கிறது. 10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் 1,200 கன அடி, சுமார் 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை அந்தக் காற்று சுத்தமாக வேண்டுமென்றால், மணிக்கு 170 கன மீட்டர் சுத்தக் காற்று தரும் இயந்திரம் வேண்டும். அட்டையில் ‘சிஏடிஆர்’ என்று போட்டிருக்கும் எண் அதுதான். அந்த எண்ணைப் போடாமல் சதுர அடியை மட்டும் போட்டிருக்கும் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வரலாம். ஒரு படுக்கையறைக்குத் தேறும் இயந்திரமே பத்தாயிரத்தைத் தொடும், ஃபில்டர் மாற்றும் செலவு தனி. ஹாலுக்கும் சேர்த்து என்றால் பட்ஜெட் கிழிந்துவிடும்.

அதோடு ஜன்னலைச் சாத்தினால்தான் அது வேலை செய்யும். மார்கழியில் சாத்தலாம். சித்திரை, வைகாசியில் இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார ஏசி ஓட வேண்டும், கரண்ட் பில்லும் அந்தக் கணக்கில் சேரும். பழைய வீட்டு ஜன்னல் கதவுகள் சாத்தினாலும் விரல் நுழைகிற இடைவெளி விடுபவை. ஆகவே என் கணிப்பு இது: பெரியவரோ கைக்குழந்தையோ தூங்குகிற ஒரே ஓர் அறைக்கு, அதுவும் டைல்ஸ், பட்டி வேலை நடக்கிற மாதங்களுக்கு, ப்யூரிஃபையர் நல்ல பொருள். வீடு முழுக்க என்று வாங்கினால் வீண். ஏற்கெனவே வைத்திருக்கும் உறவினர் யாராவது இரண்டு மாதம் தந்தால் அதைவிட நல்லது. நாங்கள் அப்படித்தான் வாங்கி வைத்தோம்.

இதற்குப் பக்கத்திலேயே காசில்லாத ஒன்று இருக்கிறது: துடைப்பத்தை எடுக்காமல் ஈரத் துணியால் துடைப்பது. பெருக்கினால் படிந்தது திரும்ப எழும்பும். என்95 முகக்கவசம் வெளியே போய்வரும் பத்து நிமிடத்துக்கு உதவும். மூச்சு வாங்கும் முதியவரை நாள் முழுக்க அதைப் போட்டுக்கொள்ளச் சொல்வது இன்னொரு தொந்தரவு.

பச்சை வலையும் தகரமும்

பச்சை வலை கட்டியிருந்தால் பார்க்க ஒழுங்காக இருக்கும். மேலிருந்து விழும் செங்கல் துண்டு, கலவைக் கட்டி நம் சிட்டவுட்டில் விழாது. காற்றின் வேகத்தைக் கொஞ்சம் உடைக்கும். மென்தூசி அதன் ஓட்டை வழியே தாராளமாக வரும். ஒற்றை வலையைக் கட்டிவிட்டு ‘அதான் கட்டியாச்சே’ என்று சொல்வதற்குத்தான் அது அதிகம் பயன்படுகிறது என்பது என் அபிப்பிராயம்.

தரையோடு நிறுத்துகிற தகரத் தடுப்பு வேறு விஷயம். அஸ்திவாரம் தோண்டும்போதும், மணலை இறக்கும்போதும், கலவை போடும்போதும் தூசி கிளம்புவது தரை மட்டத்தில். அதைத் தகரம் நன்றாகவே மறிக்கும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2018 ஜனவரியில் கொண்டுவந்த தூசித் தடுப்பு விதிகளில் காற்றுத் தடுப்பின் உயரம் கட்டடத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதிகபட்சம் 10 மீட்டர் என்று இருக்கிறது. மண், மணல், இடிபாடு எதையும் மூடாமல் விடக் கூடாது, தண்ணீர் தெளிக்க ஏற்பாடு வேண்டும், செய்திருக்கும் ஏற்பாடுகளை வெளியே பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. பெரிய திட்டங்களை மனத்தில் வைத்து எழுதியது என்று படிக்கும்போதே தெரியும். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு கட்டுகிறவர் முன்னால் இதைச் சட்டப் புத்தகமாக நீட்டினால் சண்டைதான் மிஞ்சும். ஆனால் எதையெதைக் கேட்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல பட்டியல் கிடையாது.

தண்ணீர் தெளிப்பது மலிவு. சித்திரை வெயிலில் சீக்கிரமே காய்ந்துவிடுவதுதான் கஷ்டம். லோடு இறக்கும் முன், சாயங்காலம் பெருக்கும் முன், இடிக்கும்போது கூடவே, என்று மூன்று நேரத்துக்குக் கேட்டால் போதும். நாள் முழுக்கத் தெளி என்றால் யாரும் செய்யமாட்டார்கள். கடலோரத்தில் சில இடங்களில் போர் தண்ணீர் உப்பு. அதைத் தரையிலும் இடிபாட்டிலும் தெளிக்கலாம். கட்டி வைத்த கம்பி மேல் படக் கூடாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரக் குறிப்பு ஐஎஸ் 456 சொல்கிறது. இதை நாம் முதலிலேயே தெரிந்து பேசினால், ‘தண்ணி அடிச்சா கம்பி துருப்பிடிக்கும்’ என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடாது.

இடிக்கிற கட்டத்தில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கேளுங்கள். பழைய வீட்டு மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் சுத்தியால் உடைக்காமல், நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்கச் சொல்லுங்கள். அது உடையும்போது வரும் நார் மற்ற தூசியைப் போன்றதல்ல.

கிரைண்டரில் தண்ணீர்

இப்போது நான் முதலிடம் கொடுக்கும் வழிக்கு வருகிறேன். ஒரு வருட வேலையில் மூச்சுக்கு மோசமான நாட்கள் சுவரை வெட்டி வயரிங் பைப் பதிக்கும் நாட்கள், டைல்ஸும் கிரானைட்டும் அறுக்கும் நாட்கள், பட்டி தேய்க்கும் நாட்கள். மூன்றும் வேலையின் பின்பாதியில் வருகின்றன. முதல் மாதத்தில் கோபப்பட்டுக் களைத்துப்போய், இனி முடிந்துவிடும் என்று நாம் விட்டுவிடும் சமயத்தில்தான் இவை தொடங்கும்.

பிளேடு கல்லைத் தொடும் இடத்தில் சிறு ஓடையாகத் தண்ணீர் விழுந்தால் தூசியின் பெரும்பங்கு சேறாகி அங்கேயே விழுந்துவிடும். பறந்த பிறகு அதே தூசியைப் பிடிக்க நமக்கு ப்யூரிஃபையரும் ஏசியும் வேண்டும். பறக்கும் முன் பிடிக்க ஒரு குழாய் போதும். நான் டைல்ஸ் போடுகிறவரிடம், “இந்த மெஷினுக்குத் தண்ணி லைன் உண்டாண்ணே?” என்று கேட்டேன். “இருக்குக்கா, சேறாவுதுன்னு கழட்டி வச்சிருக்கோம்” என்றார். அவர் மேலும் தப்பில்லை. சேற்றைத் துடைக்கிற கூலியை அவருக்கு யாரும் தருவதில்லை.

அங்கேதான் நம் காசு போக வேண்டும். செராமிக் டைல்ஸை நேர்கோட்டில் வெட்ட, கையால் இழுத்து முறிக்கும் டைல் கட்டர் போதும், தூசி அநேகமாகக் கிடையாது. தண்ணீர்த் தட்டோடு வரும் மேசை கட்டர் வாடகைக்குக் கிடைத்தால் எடுத்துக் கொடுக்கலாம். கைக் கிரைண்டரில்தான் ஈரமாக அறுக்கப் போகிறார்கள் என்றால், அவர்கள் தற்காலிக லைனில் மின்கசிவு வந்ததும் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். தண்ணீரும் கரண்டும் சேரும் இடத்தில் இதை விட்டுவிட்டு நனைக்கச் சொல்வது ஆளைக் கொல்லும் யோசனை. பெப்சி பாட்டில் மூடியில் ஓட்டை போட்டுச் சொட்டவிடுவதை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். ஆர்சிசிபி இல்லாமல் அது கூடவே கூடாது. சேறு தெருச் சாக்கடைக்குப் போனால் அடைக்கும், ரோட்டில் காய்ந்தால் வண்டிச் சக்கரம் அதை மறுபடி தூசியாக்கும். ஒரு பழைய டிரம்மில் தெளியவிட்டு அடிமண்டியை அள்ள வேண்டும். இந்த வேலைக்கு ஒரு சித்தாள் கூலியில் பங்கு தருகிறோம் என்று நாங்கள் சொன்னதும், வீடு கட்டுகிறவர் கூச்சப்பட்டு அதைத் தானே ஏற்றுக்கொண்டார்.

சமையல் மேடைக் கிரானைட்டை அளவு கொடுத்துக் கடையிலேயே வெட்டி வாங்கச் சொல்லலாம். இதற்கு யாருக்கும் பெரிய செலவு இல்லை. பட்டி தேய்ப்பதைப் பொதுவாக நனைத்துச் செய்வதில்லை. நம் பக்கத்து ஜன்னல் ஓட்டைகளில் தார்ப்பாய் கட்டித் தேய்க்கச் சொல்ல வேண்டும். தார்ப்பாயை நாமே வாங்கிக் கொடுத்துவிடுவது உத்தமம். வேலை முடிந்தால் அது நமக்குத் திரும்பி வரும், மழைக்கு ஆகும்.

‘அவன் வீடு கட்ட நான் ஏன் செலவு செய்யணும்?’ நியாயமான கேள்வி. சட்டப்படியும் தர்மப்படியும் அது கட்டுகிறவர் செலவுதான். ஆனால் 15,000 எப்படியும் கையை விட்டுப் போகப் போகிறது; ப்யூரிஃபையருக்குப் போனால் ஓர் அறை சுத்தமாகும், கட்டருக்கும் தார்ப்பாய்க்கும் போனால் பாதிக்கும் குறைவான காசில் தெரு முழுக்க, அந்த கிரைண்டரைப் பிடித்திருக்கும் பையன் உட்பட, மூச்சு விடலாம். அவனுக்கும் தூசிக்கும் நடுவே ஒரு முழ தூரம்கூட இல்லை. அந்தப் பையன்கள் பலர் வடக்கே இருந்து வந்தவர்கள். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டுதான் அறுக்கிறார்கள்.

காற்றைப் பார்த்து நேரம் கேட்பது

பைசா செலவில்லாத இந்த வழியை யாரும் சொல்வதில்லை. கோடையிலும் ஆனி, ஆடியிலும் இங்கே காலையில் மேற்கேயிருந்து தரைக்காற்று அடிக்கும். மதியத்துக்கு மேல் கிழக்கு, தென்கிழக்கில் இருந்து கடற்காற்று ஏறும். கடலூரிலும் இதே கதைதான். கட்டடம் உங்களுக்கு மேற்கே இருந்தால் அறுக்கிற வேலையைப் பிற்பகலில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கிழக்கே இருந்தால் காலையில். எதிர்ப்பக்கத்து வீட்டுக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான், ஏனென்றால் தூசி நம்மை விட்டுப் போவது அவர் வீட்டுக்கு. அம்மியையே பறக்க வைக்கும் ஆடிக் காற்றுக்கு எம்-சாண்ட் எம்மாத்திரம். அந்த மாதம் குவியலைத் தார்ப்பாயால் மூடி ஓரத்தில் செங்கல் வைக்கச் சொல்வது ஒன்றே போதும். ஐப்பசி, கார்த்திகையில் மழையே பாதி வேலையைச் செய்துவிடும்.

புகார்

புகார் கொடுப்பதைக் கடைசியில் வைத்திருப்பது பயத்தால் அல்ல. அது எதில் பலிக்கும், எதில் பலிக்காது என்று பார்த்துத்தான். பொதுத் தெருவில் மணலும் ஜல்லியும் கொட்டியிருந்தால் நகராட்சி நேரே வந்து எடுக்கச் சொல்லலாம். லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம் என்றால் உழவர்கரை நகராட்சி. முத்தியால்பேட்டை போன்றவை புதுச்சேரி நகராட்சி. அனுமதி வாங்கிய வரைபடத்தை மீறிக் கட்டினால் நகர அமைப்புக் குழுமம். காற்று மாசு என்றே எழுதுவதானால் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம். கடலூர்க்காரர்களுக்கு 2021 முதல் மாநகராட்சி. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம் அங்கேயே இருக்கிறது, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளும் முதல்வர் உதவி எண் 1100ம் உண்டு.

காம்பவுண்டுக்கு உள்ளே நடக்கும் கிரைண்டர் வேலைக்குப் புகார் மந்தமாகத்தான் நகரும். அதிகாரி வரும் நேரத்தில் மெஷின் ஓடாது, நேற்றைய தூசியை அளக்க வழியும் இல்லை. பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லும் அதிகாரம் பிஎன்எஸ்எஸ் எனும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152ஆம் பிரிவின்படி நிர்வாக நடுவருக்கு உண்டு; சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வும் இருக்கிறது. அடுக்குமாடி கட்டும் பெரிய பில்டர் எதற்கும் அசையவில்லை என்றால் அங்கே போகலாம். தனி வீட்டுக்கு அது கொசுவுக்குப் பீரங்கி. எழுதிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் வந்தால், ‘தூசி தாங்க முடியவில்லை’ என்று எழுதாதீர்கள். தெருவில் எந்த இடத்தில் எந்தத் தேதியில் இருந்து குவியல் மூடாமல் கிடக்கிறது, என்ன வேண்டும் என்று இரண்டு கோரிக்கை, தேதியோடு படம். புகாரின் நகலை வீடு கட்டுகிறவருக்கும் முன்னதாகவே காட்டிவிடுவது நல்லது. பாதி நேரம் அந்த நகலே காரியத்தை முடித்துவிடும்.

வீட்டை விட்டுப் போவது

ஆறு மாதம் வாடகை வீடு பார்ப்பதெல்லாம் இந்த பட்ஜெட்டில் நடக்காது. ஆனால் கடுமையான மூச்சிரைப்பு உள்ளவருக்குச் சுவர் வெட்டும் நாட்களிலும் பட்டி தேய்க்கும் வாரத்திலும் மகள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ போய் இருப்பதுதான் எல்லா வழியையும்விட உறுதியானது. எந்தத் தேதியில் அந்த வேலை தொடங்குகிறது என்று மேஸ்திரியிடம் ஒரு வாரம் முன்னால் கேட்டு வைத்துக்கொண்டால் போதும். இன்ஜினீயர் சொல்லும் தேதியை நம்ப வேண்டாம், மேஸ்திரி சொல்வதுதான் நடக்கும். திரும்பி வரும் முன் கொசு வலையைக் கழற்றிக் கழுவி, ஏசி ஃபில்டரையும் ஃபேன் இறக்கையையும் ஈரத் துணியால் துடைத்து, திரைச்சீலையைத் துவைத்துப் போட்டுவிட வேண்டும். அதைச் செய்யாமல் முதல் நாளே ஃபேனைப் போட்டால், வேலை முடிந்த வீட்டின் தூசி மறுபடி அவர் தலைமேலேயே கொட்டும்.